மோனாலிசாவை விடுங்கள், கல்லைக் காட்டுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: குழந்தையுடன் பாரிஸ்

(பல ஆண்டுகள் ஐரோப்பாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் சென்ற பெண்மணி இந்த இதழில் வெவ்வேறு வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

ஜூன் மாதம் குடும்பத்தோடு ஐந்து நாள் பாரிஸ் போகிறோம். மகளுக்கு நான்கு வயது. ஈஃபில் கோபுரம், லூவ்ர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, நோத்ர தாம் தேவாலயம், செய்ன் நதியில் படகு, டிஸ்னிலாண்ட் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். அவள் எதையும் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் ஆசை. இந்தத் திட்டம் சரிப்பட்டு வருமா?

இந்தப் பட்டியலில் உங்கள் மகள் கேட்டது எது? டிஸ்னிலாண்டைக்கூட அவளாகக் கேட்டிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம். மற்ற எல்லாமே உங்கள் ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செலவும் உங்களுடையது, விடுமுறையும் உங்களுடையது. ஆனால் நம் ஆசையைக் குழந்தையின் தலையில் கட்டிவிட்டு, "உனக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம், நிமிர்ந்து பார்!" என்று ஈஃபில் கோபுரத்தின் அடியில் நின்று அதட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. கோபுரம் 330 மீட்டர் உயரம் என்பது நமக்கு வியப்பு. குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு புறா நொண்டிக்கொண்டு போகிறது. குழந்தை எதைப் பார்க்கும்?

ஆகவே ஒரு நாளை இரண்டாகப் பிரியுங்கள். காலையில் டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, அது உங்களுக்கு. மதியத்துக்கு மேல் முழுவதும் அவளுக்கு. இந்தக் கணக்கில் உங்கள் பட்டியல் கொஞ்சம் இளைக்கும், இளைக்கட்டும்.

நோத்ர தாம் இருக்கலாம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த தேவாலயம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். செய்ன் படகும் இருக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்திருக்கலாம்; அவள் தூங்கிவிட்டாலும் நஷ்டமில்லை. வெர்சாயில்தான் எனக்கு வழக்கு. 357 கண்ணாடிகள் பதித்த மண்டபத்தைக் காட்ட நெரிசலில் குழந்தையை இழுத்துக்கொண்டு நடப்பதற்குப் பதில், அதே வளாகத்தின் கோடியில் மேரி அன்டோனெட் அரசிக்காக 1780களில் கட்டிய சிறு கிராமத்துக்குப் போய்விடுங்கள். குளம், குடிசை போன்ற வீடுகள், ஆடுகளும் கோழிகளும் உள்ள பண்ணை எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தப் பகுதியை நண்பகலில்தான் திறப்பார்கள். திங்கட்கிழமை வெர்சாய் விடுமுறை. அரண்மனையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், பெரியவர்களில் ஒருவர் மட்டும் காலையில் பார்த்துவிட்டு வரட்டும். இருவரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பிற்பகலுக்கு என் சிபாரிசு லக்ஸம்பர்க் பூங்கா. நடுவில் எண்கோணக் குளம். பாய்மரம் கட்டிய சிறிய மரப்படகுகளை வாடகைக்குத் தருவார்கள், கூடவே ஒரு நீளக் குச்சியும். படகைத் தள்ளிவிட்டதும் காற்று அதை எதிர்க்கரைக்குக் கொண்டுபோகும். குழந்தை குளத்தைச் சுற்றி ஓடிப்போய் அங்கே காத்திருந்து மறுபடி தள்ளும். இதில் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை, படம் பிடிக்கக்கூட அதிகம் இல்லை. பக்கத்தில் பழைய குதிரை ராட்டினம் ஒன்று இருக்கிறது. பாரிஸின் ஓபரா மாளிகையைக் கட்டிய சார்ல் கார்னியே வடிவமைத்தது. வெளிவரிசைக் குதிரையில் உட்காரும் பிள்ளைகளின் கையில் ஒரு குச்சியைக் கொடுப்பார்கள். ராட்டினம் சுற்றும்போது ஓரத்தில் நிற்பவர் நீட்டும் வளையத்தைக் குச்சியால் கோத்து எடுக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டு குறி பார்க்கும் அந்த முகங்களைப் பார்க்க நானே டிக்கெட் வாங்குவேன்.

லூவ்ருக்குப் போய் மோனாலிசாவைக் காட்டாமல் வரலாமா? நாளைக்குப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

கேட்கும் வயது வரும்போது அவனே போய்ப் பார்ப்பான். அந்த ஓவியம் 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடித்த கூட்டம். ஒரு மீட்டர் உயரப் பிள்ளைக்குத் தெரிவது முதுகுப்பைகள்தான். தோளில் தூக்கி வைத்தால் அரை நிமிடம் தெரியும். "சின்னதாக இருக்கிறதே" என்பான். நியாயமான விமர்சனம்.

கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போங்கள். லூவ்ர் அரண்மனை ஆவதற்கு முன் கோட்டையாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மன்னர் இரண்டாம் பிலிப் கட்டத் தொடங்கிய கோட்டையின் அடிச்சுவர்கள் அங்கே இருக்கின்றன. முன்பு அகழி ஓடிய இடத்தில் நடந்தே போகலாம். கற்களை உற்றுப் பாருங்கள். கல்தச்சர்கள் தங்கள் அடையாளமாக வெட்டிய சிறு குறிகள் தெரியும்; சிலவற்றில் இதய வடிவம். என் குழுவில் வந்த ஒரு சிறுவனிடம் இதைச் சொல்லிவிட்டேன். சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, விரலால் தடவிப் பார்க்கத் துடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "இதோ ஒன்று, இதோ இன்னொன்று" என்று எண்ணிக்கொண்டே போனான். அவனுடைய அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோட்டையிலிருந்து பழைய எகிப்தின் தானிஸ் நகரத்து ஸ்ஃபிங்க்ஸ் சிலைக்குப் போங்கள்: சிங்க உடல், மனிதத் தலை, ஒற்றைப் பெரும் கல். அத்தோடு வெளியே வந்து துய்லரி தோட்டத்தில் ஓட விடுங்கள்.

செவ்வாய்க்கிழமை லூவ்ர் மூடியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்; ஆனாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்யும்போது பிள்ளைக்கும் சேர்த்துச் செய்துவிடுங்கள்.

மகன் நன்றாக நடப்பான். தள்ளுவண்டி தேவையா?

தேவை. வீட்டைச் சுற்றி நடப்பது வேறு, ஊர் சுற்ற நடப்பது வேறு. ஒரு கையால் மடக்கக்கூடிய லேசான வண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் மெட்ரோ 1900இல் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிகள் உண்டு, நீண்ட சுரங்க நடைகளும் உண்டு. 1998இல் வந்த 14ஆம் எண் பாதையில் மட்டும் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் இருக்கிறது. ஆகவே பஸ்ஸில் போங்கள். தாழ்தளப் பஸ், வண்டியை மடக்காமலே ஏற்றலாம், ஜன்னல் வழியே ஊரும் தெரியும். மெட்ரோவில் மிச்சமாகும் பத்து நிமிடத்தைப் படிக்கட்டில் மூச்சுவாங்கிச் செலவழிப்பதில் என்ன லாபம்?

ஈஃபில் கோபுரத்தில் வண்டியை மடக்கித்தான் கொண்டுபோக முடியும். இரண்டாம் தளம் வரை 674 படிகள். "ஏறிப் பார்த்துவிடலாம்" என்று குடும்பத்தில் யாராவது வீரம் பேசினால், அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் லிஃப்டில் போங்கள்.

இரவில் ஈஃபில் கோபுரம் மின்னுவதைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும். எத்தனை மணிக்குப் போவது?

இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மின்னும். ஜூனில் அங்கே சூரியன் மறையவே இரவு பத்து மணி ஆகிவிடும். கிழக்கிலிருந்து பறந்து வரும் குழந்தைக்கு அந்த நேரம் உடம்புக்கு நடுநிசி. அதைத் தட்டி எழுப்பி, அழவிட்டு, மின்மினி காட்டுவதா? உடல் கடிகாரம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். முதல் சில நாள் குழந்தை விடியற்காலையிலேயே விழித்துக்கொண்டு உங்களையும் எழுப்பும். திட்டாதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஜூனில் ஆறு மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். அந்த நேரத்தில் கோபுரத்துக்கு எதிரே உள்ள த்ரோகாதெரோ மேடைக்குப் போனால், பகலில் தோளோடு தோள் இடிக்கும் இடத்தில் குழந்தை ஓடி விளையாடலாம். இரவில் கோபுரம் மின்னுவதைப் பெரியவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விமானம் இறங்கும்போது காதுவலி தாங்காமல் கதறுகிறாள். என்ன செய்வது?

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாக, படுக்கைவாட்டில் இருக்கும். அதனால் அழுத்தம் சமமாவது தாமதமாகிறது. விழுங்கும்போதெல்லாம் அந்தக் குழாய் திறக்கிறது. தரையிறங்கச் சுமார் அரை மணி நேரத்துக்கு முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கும். அப்போதே எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தூங்கட்டும் என்று விட்டால் தூக்கத்தில் விழுங்குவது குறைந்து வலி கூடும். சளி பிடித்திருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

பயணத்தின் நடுவில் மகனுக்கு இரண்டு வயது முடிகிறது. டிக்கெட்?

இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் மடியில். பிறந்த நாளுக்குப் பிறகு பறக்கும் பயணத்துக்குத் தனி இருக்கை வேண்டும். திரும்பும் டிக்கெட்டை இப்போதே அப்படி எடுங்கள். விமான நிலையத்தில் கெஞ்சிப் பயனில்லை.

கணவரால் வர இயலவில்லை. நான் மட்டும் குழந்தையை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. அவருடைய எழுத்துபூர்வமான சம்மதக் கடிதம், நோட்டரி கையொப்பத்துடன். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல். உங்கள் பெயரும் குழந்தையின் குடும்பப் பெயரும் பொருந்தாமல் இருந்தால் இவை மிகவும் அவசியம். விசா விண்ணப்பத்திலும் கேட்பார்கள்.

கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால்? நினைத்தாலே தூக்கம் வரவில்லை.

காலையில் அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு படம் எடுங்கள். அன்றைய உடையின் நிறம் பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. மணிக்கட்டுப் பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டு எண்ணோடு எழுதுங்கள். "காணவில்லை என்றால் தேடாதே, நின்ற இடத்திலேயே நில், நான் வருவேன்" என்பதை விளையாட்டாகவே பழக்குங்கள். தேடிக்கொண்டு நகரும் குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112.

"நான்கு வயதில் பார்த்தது எதுவும் நினைவில் நிற்காது, வீண் செலவு" என்கிறார் என் மாமியார். பதில் சொல்லத் தெரியவில்லை.

முதல் பாதி பெரும்பாலும் சரி. மூன்று, நான்கு வயதுக்கு முந்தைய நினைவுகள் பெரியவர்களிடம் அபூர்வமாகவே மிஞ்சும். இரண்டாம் பாதிக்குப் பதில்: உங்கள் மாமியாரையும் அழைத்துப் போங்கள். லக்ஸம்பர்க் குளக்கரையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால், நீங்கள் இருவரும் வெர்சாயில் கண்ணாடி மண்டபத்தையும் பார்த்துவிடலாம்.

டிஸ்னிலாண்டில் நாங்கள் இருவரும் பெரிய ராட்டினங்களில் ஏற முடியுமா?

முடியும். உயரக் கட்டுப்பாடு உள்ளவற்றில், உதாரணமாக பிக் தண்டர் மவுண்டனில் 102 செ.மீ. வேண்டும். பிள்ளை அதற்குக் குறைவு என்றால், நுழைவாயிலில் இருக்கும் ஊழியரிடம் 'பேபி சுவிட்ச்' வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவர் ஏறிவிட்டு வந்ததும், அடுத்தவர் மறுபடி முழு வரிசையிலும் நிற்காமல் ஏறலாம். முதலில் யார் என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.