சின்ன கிறிஸ்டியன் ஸ்கூல்ல ஜேவி, வார்சிட்டி எல்லாம் எப்படி பிரிப்பாங்க? என் பையனுக்கு ஆட சான்ஸ் கிடைக்குமா?

டெக்ஸாஸ்ல ஒரு சின்ன கிறிஸ்டியன் ஸ்கூல்ல பையனை எட்டாவது சேர்க்கப் போறோம், டீம்ல எடுப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. என் பையன் அஞ்சு வருஷமா அந்த மாதிரி ஸ்கூல்லதான் படிக்கிறான், ஹைஸ்கூல் மொத்தமே அறுபது பேரு. டீம்ல கண்டிப்பா எடுப்பாங்க, ஆள் கிடைக்காமத்தான் அவங்களே அல்லாடறாங்க. ஆனா டீம்ல பேர் இருக்கறது வேற, கிரவுண்ட்ல இறங்கறது வேற, இதை நான் லேட்டாதான் புரிஞ்சுக்கிட்டேன்.

ஏழாவது எட்டாவது மிடில் ஸ்கூல் டீம், அங்க வர்ற எல்லா பிள்ளையையும் ஆட வைப்பாங்க. ஒன்பதாவதுல இருந்து ஜேவி, அதாவது ஜூனியர் வார்சிட்டி, கத்துக்கறதுக்கான டீம். வார்சிட்டிதான் ஸ்கூலோட மெயின் டீம், அங்க யார் எவ்வளவு நேரம் ஆடறதுங்கறது முழுக்க கோச் முடிவு. பெரிய பப்ளிக் ஸ்கூல்ல ட்ரைஅவுட் வச்சு நிறைய பேரை திருப்பி அனுப்பிடுவாங்க, சின்ன ஸ்கூல்ல தலை எண்ணிக்கைதான் லெவலையே முடிவு பண்ணும். பாஸ்கெட்பாலுக்கு ஒன்பது பசங்க வந்தா ரெண்டு டீமுக்கு எங்க போறது, அதுல நாலஞ்சு பேரு சாயங்காலம் ஜேவி மேட்ச் ஆடிட்டு வேர்வை கூட காயாம அடுத்த மேட்ச்சுக்கு வார்சிட்டி பெஞ்ச்ல வந்து உக்காருவாங்க. ஒரே நாள்ல ஒரு பையன் இத்தனை குவார்ட்டர்தான் ஆடலாம்னு பல மாநிலங்கள்ல வரம்பு இருக்கு, அதனால அங்கெல்லாம் யார் எத்தனை ஆடியாச்சுன்னு கணக்கு வச்சுக்கிட்டே இருக்கணும்.

ஃபுட்பால், அதாவது கையில பந்தை பிடிச்சு ஓடற அமெரிக்கன் ஃபுட்பால் சமாச்சாரம் இன்னும் வேற மாதிரி. பதினோரு பேர் சேராத ஸ்கூல்கள் சிக்ஸ் மேன், அதாவது டீமுக்கு ஆறு பேர் ஆடற ஃபுட்பால் ஆடுவாங்க, 1934ல நெப்ராஸ்கால ஸ்டீபன் எப்ளர்னு ஒரு கோச் சின்ன ஊர் ஸ்கூல்களுக்காகவே கொண்டுவந்த ஆட்டம். கிரவுண்ட் 100 கெஜத்துக்கு பதிலா 80 கெஜம், ஃபர்ஸ்ட் டவுனுக்கு, அதாவது பந்தை கைவசம் வச்சுக்க நாலு முயற்சிக்குள்ள, 10க்கு பதிலா 15 கெஜம் போகணும், ஆறு பேர்ல யார் வேணா பாஸ் பிடிக்கலாம், ஓட்டம்னா அப்படி ஒரு ஓட்டம். டெக்ஸாஸ்ல பப்ளிக் ஸ்கூல்களுக்கு போட்டி நடத்தறது யு.ஐ.எல்.ங்கற அமைப்பு, கிறிஸ்டியன் ஸ்கூல்கள் நிறைய டேப்ஸ்ங்கற பிரைவேட் ஸ்கூல் அமைப்புல இருக்கு, பிள்ளைங்க எண்ணிக்கையை வச்சுதான் டிவிஷன் பிரிப்பாங்க.

என் பையன் ஒன்பதாவதுலயே வார்சிட்டி. ஊர்ல அம்மாவுக்கு போன் போட்டு பெருமையா சொன்னேன். உண்மையில மொத்தமே பத்து பசங்க, ஜேவின்னு தனியா ஒண்ணு கிடையவே கிடையாது. சிக்ஸ் மேன்ல ஒரு ரூல், பாதி ஆட்டத்துலயோ அதுக்கு அப்புறமோ 45 பாயிண்ட் வித்தியாசம் வந்தா மேட்ச் அங்கயே முடிஞ்சுடும். மத்த ஆட்டத்துல நல்லா லீட் வந்ததும் பெஞ்ச்ல இருக்கற பசங்களை இறக்குவாங்க இல்லையா, இங்க அந்த நேரமே வராது. ஒரு வெள்ளிக்கிழமை எங்க டீம் வெளுத்து வாங்கினாங்க, மூணாவது குவார்ட்டர்ல 45 தாண்டுச்சு, விசில் அடிச்சாச்சு. ரெண்டு டீமும் நடு கிரவுண்ட்ல முட்டி போட்டு ஜெபம் பண்ணாங்க, எல்லார் முட்டியிலயும் மண்ணு, இவன் வெள்ளை பேண்ட் மட்டும் மடிப்பு கலையாம அப்படியே இருந்துச்சு. கார்ல வீடு வர்ற வரைக்கும் ஹெல்மெட்டை மடியில வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. எனக்கு வயிறு எரிஞ்சுடுச்சு.

அன்னைக்கு ராத்திரியே கோச்சுக்கு நீளமா மெசேஜ் அனுப்பினேன், அது தப்பு. மேட்ச் முடிஞ்சு 24 மணி நேரம் பேரண்ட்ஸ் கோச்கிட்ட பிளேயிங் டைம் பத்தி பேசக்கூடாதுன்னு ஹேண்ட்புக்லயே இருக்கு, நான்தான் படிக்காம கையெழுத்து போட்டிருந்தேன். ஆனா ஒண்ணு இப்பவும் சொல்வேன், கிறிஸ்துவ ஸ்கூல், ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம்னு அட்மிஷன் அன்னைக்கு சொல்றாங்க இல்ல, அப்போ ஒன்பதாவது படிக்கிற பையன் ஒரு வருஷம் முழுக்க பெஞ்ச்ல உக்காரக்கூடாது. இதை திங்கக்கிழமை நேர்ல போய் பொறுமையா சொன்னேன். கோச்சும் தங்கமான மனுஷன், பக்கத்து ஊர்ல இதே மாதிரி பிரச்சனை இருந்த இன்னொரு ஸ்கூல்கிட்ட பேசி வியாழக்கிழமை சின்ன பசங்களுக்கு ரெண்டு குவார்ட்டர் மட்டும் ஜேவி ஆட்டம் ஏற்பாடு பண்ணாரு. முதல் வியாழனே இவன் ஒரு பாஸ் பிடிச்சான், ஏழு கெஜம்தான் இருக்கும், நான் கத்தின கத்துல தொண்டை கட்டிடுச்சு.

நீங்க ஸ்கூல் பாக்க போறப்போ டிராஃபி ஷெல்ஃபை விடுங்க. போன வருஷம் ஜேவி மேட்ச் எத்தனை நடந்துச்சு, பத்தாவதுக்குள்ள இருக்கற பசங்க எத்தனை பேர் உண்மையில ஆடினாங்கன்னு கேளுங்க, அத்லெட்டிக் டைரக்டருக்கு இது கைவசம் தெரிஞ்சிருக்கணும். ஆகஸ்ட்ல பிராக்டிஸ் ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடி ஹேண்ட்புக்ல பிளேயிங் டைம் பத்தி இருக்கற பக்கத்தை பையனையும் பக்கத்துல உக்கார வச்சு படிச்சிட்டு அப்புறம் சைன் போடுங்க.