200 அடிக் குழாய்க் கிணறு வேண்டாம், முதலில் இரண்டு போத்தல் தண்ணீர்

கேள்வி: ஐயா, நான் வலிகாமத்தில் ஒரு கிராமத்து மாதர் சங்கத்தின் செயலாளர். எங்கள் ஊரில் 140 குடும்பங்கள். கனடாவில் இருக்கிற ஊர் ஒன்றியத்தினர் குடிதண்ணீருக்கென்று 30 இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறார்கள். 200 அடியில் குழாய்க் கிணறு அடித்து, கோயில் வீதியில், தண்ணீரில் கரைந்தவற்றைச் சவ்வால் வடித்தெடுக்கிற ஆர்.ஓ. இயந்திரம் பூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது. ஓம் என்று சொல்லலாமா?

பதில்: குழாய்க் கிணறு வேண்டாம் என்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள், தங்கச்சி. ஆர்.ஓ. பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கிற கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறும். 200 அடி போனால் உப்பைத்தான் தொடுவீர்கள். அதுவும் உங்கள் குழாயோடு நிற்காது, அயல் கிணறுகளையும் சவராக்கும். துலாவால் அளவாக இறைத்த அந்தக் காலத்துக் கிணறுகள் ஆழமில்லாமல் அகலமாக இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

கேத்தலில் படிகிற வெள்ளை சுண்ணாம்பு. பார்க்கச் சங்கடம்தான், ஆனால் நான் பயப்படுவது அதற்கில்லை. கண்ணுக்குத் தெரியாத இரண்டு சாமான்களுக்கு: மலசலகூடக் குழியிலிருந்து வருகிற கிருமி, தோட்டத்து உரத்திலிருந்தும் அதே குழியிலிருந்தும் வருகிற நைத்திரேற்று. வெங்காயத்துக்குப் போடுகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே இறங்குகிறது. செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் அதைத் தடுக்காது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விட்டோம் என்று சிலர் ஆறுதல்படுவார்கள். வெடிப்பு விழுந்த கல்லில் அந்த இடைவெளி போதாது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாக வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்தால், இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம் பாரிக்கலாம். உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் கைக்குழந்தைகள் உள்ள வீடுகள் எவை என்ற விபரம் இருக்கும். திட்டம் முடியும்வரை காத்திராமல் அந்த வீடுகளுக்கு முதலில் வேறு தண்ணீருக்கு வழி பாருங்கள்.

இனிப் பரிசோதனை. ஊரில் நாலைந்து கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். மாரி முடிகிற தையில் ஒரு தரம், வறண்ட ஆவணியில் ஒரு தரம் மாதிரி எடுக்க வேண்டும். மாரி உரத்தைக் கழுவி இறக்கும், கோடையில் உவர் ஏறும், ஒரு தரம் பார்த்தால் பாதிதான் தெரியும். கிருமிக்கான போத்தலை ஆய்வுகூடத்திலேயே கிருமி நீக்கித் தரச் சொல்லி வாங்குங்கள். தண்ணீர் எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உப்புக்கு ஒரு சின்ன வேலை செய்யலாம். விடிய மோட்டர் போட முதல் ஒரு போத்தல், மூன்று மணித்தியாலம் இறைத்த பிறகு ஒரு போத்தல். இரண்டாவது கூடுதலாகக் கரித்தால் அந்தக் கிணற்றைப் பொதுக் கிணறாக்கக் கூடாது.

அறிக்கை வந்ததும் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். நைத்திரேற்று என்று எழுதியிருந்தால் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைத்திரேற்று நைதரசன் என்று, அதாவது அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கெடுத்து, எழுதியிருந்தால் அதே எல்லை ஏறக்குறைய 11. இது தெரியாமல் 20 என்ற இலக்கத்தைக் கண்டு "நல்ல தண்ணி" என்று முடிவெடுத்த ஒரு சங்கத்தை நான் கண்டிருக்கிறேன். அது நைதரசன் கணக்கு, எல்லையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நீங்கள் சுன்னாகத்துக்குக் கிட்டவென்றால் எண்ணெய்க்கும் பரிசோதியுங்கள். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பே கொடுத்திருக்கிறது.

நைத்திரேற்றும் உப்பும் எல்லைக்குள் இருந்து கிருமி மட்டும் இருந்தால் ஆர்.ஓ. தேவையேயில்லை. நல்ல கிணறு இரண்டுக்குக் கட்டு உயர்த்தி, சுற்றிக் கொன்கிறீட் போட்டு, மூடி, குளோரின் இட்டுக் குழாயில் கொடுத்தாலே போதும். எல்லை தாண்டியிருந்தால் மட்டும் ஆர்.ஓ.

அப்படி வந்தால் கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 20 லீற்றர் என்றால் 140 குடும்பத்துக்கு 2,800 லீற்றர். சின்ன இயந்திரங்கள் உள்ளே விடுகிற தண்ணீரில் பாதியைக் கழித்துவிடும். ஆக இன்னொரு 2,800 லீற்றர் செறிந்த கழிவு தினமும் எங்கே போகும்? பின்வளவில் குழி வெட்டி விட்டால் திரும்பக் கிணற்றுக்குத்தான் வரும். நைத்திரேற்று மட்டும் என்றால் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சி, அந்தளவுக்கு உரத்தைக் குறைக்கலாம். உப்பென்றால் அதுவும் முடியாது. இதற்குப் பதில் இல்லாமல் இயந்திரம் வாங்க வேண்டாம்.

ஒரு ஊரில் பூட்டிக் கிடந்த ஆர்.ஓ. கொட்டிலைத் திறந்து பார்த்தேன். அமுக்கமானியின் முள்ளு பூச்சியத்தில் நின்றது. சவ்வுக் குழாயைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு பல்லுக்காறை மாதிரி இறுகியிருந்தது. சுண்ணாம்பு படியாமல் விடுகிற மருந்தை இரண்டாம் வருடம் வாங்கக் காசில்லை, மின்சாரப் பட்டியலும் நிலுவை. இலவசமாகக் கொடுக்கிறோம் என்று தொடங்கியிருந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் திரும்பவும் பவுசருக்குக் கான் அடுக்கிக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர மனமில்லை. நீங்கள் கானுக்கு ஒரு சிறு தொகை கட்டாயம் அறவிடுங்கள். சவ்வு மூன்று, நாலு வருடத்தில் மாற்ற வேண்டிவரும், அந்தக் காசு முதல் மாதத்திலிருந்தே தனி வங்கிக் கணக்கில் சேர வேண்டும். ஒன்றியத்திடம் 30 இலட்சத்தையும் கட்டடத்தில் போடாமல் ஒரு பங்கை அந்தக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிணறு என்றால் சாதியும் கூடவே வந்திருக்கிறது, யாரை அள்ள விட்டோம், யாரை விடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கோயில் வீதியில் குழாய் வைத்தால் 140 வீட்டுக்காரரும் தயங்காமல் கான் கொண்டு வருவார்களா? தயங்கக்கூடிய வீடுகளுக்கு நீங்களே போய்க் கேளுங்கள், சங்கக் கூட்டத்தில் கேட்க வேண்டாம். ஒரு வீடு தயங்கினாலும் பிரதேச சபைக் காணிக்கு மாற்றுங்கள். தனியார் காணியில் எழுத்தில்லாமல் வைக்கவே கூடாது.

மழைநீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள். ஐந்து பேருள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்றால், மழையில்லாத ஏழு மாதத்துக்கு ஏறக்குறைய 5,250 லீற்றர் வேண்டும். 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் 200 மில்லிமீற்றர் மழை விழுந்தால், சிந்துவது போக 8,000 லீற்றர் வரும். பீலி பூட்டி, முதல் மழையை வெளியே விட்டு, தொட்டியை வெளிச்சம் படாமல் மூடினால் சரி. நைத்திரேற்றும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு நான் முதலில் இதைத்தான் கொடுப்பேன்.

தாளையடியில் நாளுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. உங்கள் வீதிக்குக் குழாய் எப்போது வரும் என்று தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். ஒரு வருடத்தில் வருமென்றால் இயந்திரக் காசைத் தொட்டிகளுக்குத் திருப்பலாம். பரிசோதனை அறிக்கை கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். எந்தக் கிணறு, எந்த மாதம், மோட்டர் போட முதலா பிறகா என்று ஒவ்வொன்றிலும் எழுதி அனுப்புங்கள்.