டிஜிட்டல் புராஜெக்ட் மேனேஜர்கள் மாநாடு: போகலாமா, போனால் என்ன கிடைக்கும்? கேள்வி பதில்

சென்னையில் ஓர் இணையதள ஏஜென்சியில் பதினான்கு வருடமாகப் புராஜெக்ட் மேனேஜர் வேலை. இணையதளம் மாதிரியான டிஜிட்டல் வேலைகளை நடத்தும் புராஜெக்ட் மேனேஜர்களுக்கென்றே நடக்கும் மாநாட்டுக்கு இரண்டு முறை அமெரிக்கா போய் வந்தேன் என்று சொன்னதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையிலிருந்து: அக்கா, புராஜெக்ட் மேனேஜர்களுக்கு ஏற்கெனவே எத்தனையோ மாநாடுகள் இருக்கின்றன. 'டிஜிட்டல்' என்று தனியாக எதற்கு?

புராஜெக்ட் மேனேஜர்களுக்கான பி.எம்.ஐ. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு 1969இல் தொடங்கியது. கட்டுமானம், விண்வெளி மாதிரியான பெரிய துறைகளின் அனுபவத்தில் வளர்ந்ததுதான் அது சொல்லித் தரும் பாடம். பாலத்துக்குத் தூண் எழுப்பிய பிறகு அதை நாலு அடி தள்ளி வையுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம்மிடம் கேட்கிறார்கள். இணையதளத்தில் எல்லாமே கடைசி நாள் வரை மாறும். மாற்ற முடியும் என்பது கிளையன்ட்டுக்கும் தெரியும்.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இருபது பேர் வேலை பார்க்கும் ஏஜென்சியில் டிசைனர் ஐந்து பேர், டெவலப்பர் எட்டுப் பேர் இருப்பார்கள். புராஜெக்ட் மேனேஜர் ஒரே ஆள். டெவலப்பருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து மேஜையில் கேட்டுக்கொள்ளலாம். நமக்கு யார் இருக்கிறார்கள்? 2013இல் பிலடெல்பியாவில் 'டிஜிட்டல் பி.எம். சம்மிட்' என்ற இந்த வகை மாநாடு முதல் முறை நடந்தபோது, அதை முன்னின்று தொடங்கிய பிரெட் ஹார்னெடும் ஏஜென்சியில் இதே வேலை பார்த்தவர்தான். தனியாக உட்கார்ந்திருக்கிறவர்களை ஒரே கூடத்தில் சேர்க்க வேண்டும் என்ற தேவை அந்த மாநாட்டின் வேரிலேயே இருக்கிறது.

பெங்களூரிலிருந்து: உரைகளெல்லாம் பிறகு வீடியோவாக வந்துவிடுகின்றனவே. அவ்வளவு செலவு செய்து நேரில் போக வேண்டுமா?

உரை கேட்க மட்டும் என்றால் வேண்டாம். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் போவது மதியச் சாப்பாட்டு மேஜைக்காக. முதல் முறை போனபோது எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "மூன்று ரவுண்டு திருத்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் ஏழாவது ரவுண்டு நடக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தான் கிளையன்ட்டுக்கு அனுப்பும் கடிதத்தை வரிவரியாக எழுதிக் காட்டினார். இரண்டாவது ரவுண்டு முடியும்போதே, "இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. அதற்கு மேல் என்றால் இவ்வளவு மணி நேரம், இவ்வளவு தொகை" என்று நட்போடு ஒரு குறிப்பு. அவ்வளவுதான். ஏழாவது ரவுண்டில் சொன்னால் சண்டை. இரண்டாவதில் சொன்னால் தகவல். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

திருச்சியிலிருந்து: திரும்பி வந்த பிறகு ஆபீஸில் உண்மையாகவே ஏதாவது மாறியதா மேடம்? எங்கள் மேனேஜர் இதைத்தான் கேட்கிறார்.

மாறியது. ஒரு பட்டறையில் 'ப்ரீ-மார்ட்டம்' சொல்லித் தந்தார்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய முறை. வேலை தொடங்கும் முன்பே, "இந்தப் புராஜெக்ட் படுதோல்வி அடைந்துவிட்டது. ஏன்?" என்று குழுவிடம் கேட்க வேண்டும். தோற்குமா என்று கேட்கக் கூடாது. தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் மனதில் இருப்பது வெளியே வரும்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த வாரம், புதிதாக வந்திருந்த ஒரு பள்ளியின் இணையதள வேலைக்கு இதைச் செய்து பார்த்தேன். பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டு, ஐந்து நிமிடம், பேச்சு கிடையாது. சீட்டுகளைச் சுவரில் ஒட்டியபோது ஒன்பதில் ஒரே விஷயம் இருந்தது: படங்களும் எழுத்தும் கிளையன்ட்டிடமிருந்து நேரத்துக்கு வராது. கூட்டத்தில் ஒருபோதும் வாய் திறக்காத ஜூனியர் டெவலப்பர் தம்பி எழுதியிருந்தார்: "கடைசி வாரம் நான் போலி எழுத்தை வைத்துப் பக்கம் கட்டிக்கொண்டிருப்பேன்." எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என் அட்டவணையில் மட்டும் அது இல்லை.

அன்றே அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். முதல் பத்துப் பக்கத்துக்கான எழுத்து வந்த பிறகுதான் டிசைன் தொடங்கும் என்று கிளையன்ட்டிடம் பேசினேன். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் ஓர் ஆசிரியரை அதற்கென்றே நியமித்தார்கள். தளம் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளி வெளியானது. அதற்கு முந்தைய புராஜெக்ட் ஏழு வாரம் இழுத்தது. உங்கள் மேனேஜரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து: பி.எம்.ஐ. தரும் பி.எம்.பி. என்ற புராஜெக்ட் மேனேஜர் சான்றிதழ் வைத்திருக்கிறேன். அதைப் புதுப்பிக்கத் தேவையான பி.டி.யு. என்ற கற்றல் புள்ளிக் கணக்கில் இந்த மாதிரி மாநாடு சேருமா?

சேரும். மூன்று வருடத்துக்கு 60 பி.டி.யு. வேண்டும், ஒரு மணி நேரக் கற்றலுக்கு ஒரு பி.டி.யு. 60இல் குறைந்தது 35 கல்விப் பிரிவில் வர வேண்டும், அதிலும் மூன்று திறன் பகுதிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 8. மாநாட்டில் உட்கார்ந்து கேட்ட நேரம் கல்விப் பிரிவில் போகும். நிகழ்ச்சி நிரலையும் கலந்துகொண்ட சான்றையும் பத்திரமாக வைத்திருங்கள், தணிக்கை வந்தால் கேட்பார்கள்.

சென்னையிலிருந்து: விசா எப்படி அக்கா? கம்பெனி கடிதம் போதுமா?

தொழில்முறை மாநாட்டில் கலந்துகொள்ள பி1 விசா. விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூனிலிருந்து 185 டாலர். விசா மறுத்தாலும் திரும்பாது. கம்பெனி கடிதத்தோடு மாநாட்டுப் பதிவு ரசீதையும் அழைப்புக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். ஆனால் அழைப்புக் கடிதம் இருப்பதாலேயே விசா கிடைத்துவிடாது. அதனால் விசா கையில் வந்த பிறகு விமான டிக்கெட் வாங்குங்கள். விசா மறுத்தால் பதிவுத் தொகை திரும்ப வருமா என்று அமைப்பாளர்களிடம் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இதைக் கேட்காமல் முழுத் தொகையையும் இழந்தார்.

மதுரையிலிருந்து: எனக்குக் கூச்சம் அதிகம். ஆங்கிலமும் தடுமாறும். அங்கே போய் ஒரு மூலையில் நின்றுவிடுவேனோ என்று பயம்.

தம்பி, அங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் தனியாக வந்தவர்கள்தான். அவர்களுக்கும் அதே பயம்தான்.

நிகழ்ச்சி நிரலில் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று இருந்தால் அதை விடாதீர்கள். ஹாரிசன் ஓவன் 1980களில் கொண்டுவந்த முறை. என்ன பேசுவது என்பதை வந்தவர்களே முடிவு செய்வார்கள். இரண்டு கால் விதி என்று ஒன்று உண்டு: கற்கவும் இல்லை, கற்பிக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், ஊரிலிருந்து கிளம்பும்போதே உங்களை வாட்டும் ஒரே ஒரு பிரச்சினையை இரண்டு வரியில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுகம் ஆன கையோடு அதைக் கேளுங்கள். தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் பேசாத புராஜெக்ட் மேனேஜரை நான் பார்த்ததில்லை. இலக்கணப் பிழையை யாரும் எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

துபாயிலிருந்து: ஏ.ஐ. வந்த பிறகும் இதெல்லாம் தேவையா?

கூட்டக் குறிப்பு, அட்டவணை, வாராந்திர அறிக்கை எல்லாம் அது எழுதித் தருகிறது, நானும் பயன்படுத்துகிறேன். கோபமாக இருக்கும் கிளையன்ட்டை அழைத்து, தேதி தள்ளும் என்று சொல்லும் வேலை இன்னும் நம்முடையதுதான். அதைக் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம்.

திருநெல்வேலியிலிருந்து: அமெரிக்கா எல்லாம் எங்களுக்கு எட்டாது அக்கா. இங்கே மூன்று பேர் இருக்கிறோம். என்ன செய்யலாம்?

மூன்று பேர் தாராளம். சியாட்டிலில் 2009இல் தொடங்கிய 'லீன் காபி' என்ற முறை உங்களுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். தலைவர், பேச்சாளர், நிகழ்ச்சி நிரல் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு சீட்டில் பேச வேண்டியதை எழுதுங்கள். எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, பேச விரும்பும் சீட்டுகளில் ஆளுக்கு இரண்டு புள்ளி வையுங்கள். அதிகப் புள்ளி வாங்கிய சீட்டை முதலில் எடுங்கள். போனில் எட்டு நிமிடம் வையுங்கள். மணி அடித்ததும், தொடரலாமா என்று கட்டைவிரலைக் காட்டுங்கள். மேலே என்றால் இன்னும் நான்கு நிமிடம், கீழே என்றால் அடுத்த சீட்டு. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு விஷயம் பேசிவிடலாம்.

கிளையன்ட் பெயரைச் சொல்லாமல் பேசுங்கள், அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே கிழமை, ஒரே கடை என்று வைத்துக்கொண்டால் நாலாவது ஆள் தானாக வருவார்.