ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்குள் படம்: கண்ணாடி வெளுக்கிறது, தூண்கள் சாய்கின்றன

படத்தில் ஜன்னல் கண்ணாடி ஓவியம் வெள்ளையாகிவிடுகிறது, தூண்கள் உள்நோக்கிச் சாய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். முதலில் வெளிச்ச அளவைக் கண்ணாடிக்கே வையுங்கள். தூண்கள் இருண்டு போகும், கவலை வேண்டாம். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் அந்த இருட்டைப் பிறகு தூக்கிவிடலாம். வெளுத்த நீலமும் சிவப்பும் மட்டும் திரும்பி வரவே வராது.

சாய்வுக்குக் காரணம், கேமராவை அண்ணாந்து பிடிப்பது. நடுக்கூடம் 43 மீட்டர் உயரம், கை தானாகவே மேலே போகும். மேற்கு வாசலுக்கே பின்வாங்கி, கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கீழே வரும் பெஞ்சுகளை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

ட்ரைபாடுக்குப் பதில் தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை விட்டு, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ (ISO) 3200இல் வைத்து எடுங்கள்.

வெயில் நாளென்றால் நண்பகலில் தெற்குப் பக்கம் போங்கள். ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து 2007இல் வைத்த ஜன்னலின் வண்ணச் சதுரங்கள் சாம்பல் கல்லில் சிதறிக் கிடக்கும். எனக்கு ஜன்னலைவிட அந்தக் கல்தான் பிடிக்கும்.