கதைகளில் யாராலும் வெல்லவே முடியாத நாயகனுக்கு ஏன் ஒரு பலவீனம் வைக்கிறார்கள்?

பலவீனம் என்பது நாயகன் உண்மையாகவே தோற்கக்கூடிய இடம். அது இல்லையென்றால் சண்டையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும், பதைப்பு வராது. 1938இல் வந்த சூப்பர்மேனுக்கு, அவன் பலத்தையே உறிஞ்சிவிடும் கிரிப்டோனைட் என்ற கல் 1943இல், அதுவும் வானொலித் தொடரில்தான் சேர்ந்தது.

திருகோணமலைக் கரையில் ஆனி மாதம் கடல் அமைதியாகக் கிடக்கும்போது ஒரு படகு பிந்தினால் யாரும் பெரிதாகக் கேட்கமாட்டார்கள். மார்கழியில், வாடைக்காற்றும் மழையுமாக இருக்கையில், அதே படகு ஒரு மணித்தியாலம் பிந்தட்டும். கரையே நெற்றியில் கைவைத்துக் கடலைப் பார்த்து நிற்கும். படகும் அதுதான், ஓட்டியும் அவர்தான். திரும்பாமல் போகலாம் என்ற ஆபத்துதான் புதிது; கதையில் பலவீனம் செய்வதும் அதைத்தான்.

எழுதும்போது பலவீனத்தைக் கதையின் முதல் கால்பங்கிலேயே சின்ன விசயம்போலக் காட்டிவிடுங்கள். உச்சக்கட்டத்தில் திடீரென்று நுழைத்தால் வாசகர் ஏமாந்ததாக உணர்வார்.

பலவீனம் நாயகனைக் கோழையாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் பயப்படலாம், விழலாம், ஓடாமல் நின்றால் கோழையல்ல.