மணியாச்சியில் எதற்கு ஜங்ஷன்?

அன்புள்ள ஐயா,

போன வாரம் தூத்துக்குடி போகும்போது வாஞ்சி மணியாச்சியில் வண்டி நின்றது. ஸ்டேஷனைத் தாண்டினால் வெட்டவெளி, ஒரு சின்ன ஊர். இத்தனூண்டு ஊருக்கு எதற்கு ஜங்ஷன்? கலெக்டர் ஆஷ் கொலையைத் தவிர அந்த ஸ்டேஷனுக்கென்று வரலாறு ஏதும் உண்டா?

ரா., கோவில்பட்டி

அன்புள்ள ரா.,

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்: தூத்துக்குடித் துறைமுகம்.

மதுரைக்குத் தெற்கே தண்டவாளம் போட்ட வெள்ளைக்காரர்களின் கண் இருந்தது நெல்லை மேல் அல்ல, பருத்தி கப்பலேறும் தூத்துக்குடி மேல். 1876இல் அந்தப் பாதை திறந்தது. ஜில்லா தலைநகரான நெல்லைக்குக் கிடைத்தது ஒரு கிளைப் பாதை. அது பிரிந்த இடம் மணியாச்சி. ஊரைப் பார்த்து வைத்த ஸ்டேஷன் இல்லை அது.

இதனால் நெல்லையிலிருந்து மெட்ராஸ் பக்கம் போகிறவர், கலெக்டரே ஆனாலும், மணியாச்சியில் காத்துக் கிடக்க வேண்டும். கொழும்புக் கப்பலில் வந்து இறங்கியவர்களோடு தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் என்ற ரயில் வரும். அதைப் பிடிக்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று ஆஷ் கொடைக்கானலுக்குக் கிளம்பினார். நெல்லை வண்டி மணியாச்சிக்கு வந்தது காலை 10.38க்கு. போட் மெயில் வர வேண்டியது 10.48க்கு. முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, கிட்டத்தில் நின்று சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டார்.

கலெக்டர் ஆபீஸில் நெருங்க முடியாத மனிதர், இங்கே பத்து நிமிடம் வெறும் பயணி. வாஞ்சி இந்த ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. டைம்டேபிள் படித்தவர் வேறு எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்? (பெயர்ப்பலகையில் ‘வாஞ்சி’ சேர்ந்தது சுதந்திரம் வந்து வெகுகாலம் கழித்துத்தான்.)

மணியாச்சிக்கு உண்மையான அடி விழுந்தது 1914இல். பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. இதை யாரும் பேசுவதில்லை; துப்பாக்கிச் சத்தம் கேட்கும் அளவுக்கு டைம்டேபிள் மாறுவது கேட்பதில்லையே!

பிறகு கதை தலைகீழானது. 1981இல் நெல்லை–நாகர்கோவில் பாதை வந்தது. மதுரைப் பக்கமும் அகலப்பாதை ஆனதும் மெயின் லைன் நெல்லை வழியே என்றாகி, தூத்துக்குடி கிளையாகிப் போனது. குருவாயூர் எக்ஸ்பிரஸில் வந்த தூத்துக்குடிப் பெட்டிகளை மணியாச்சியில் கழற்றி, வேறு எஞ்சின் மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள், சில வருடம் முன்பு வரை. நெல்லைக்காரர் தூங்கிக்கொண்டே போய்விட்டார். கலெக்டர் காத்திருந்த அதே ஸ்டேஷனில் எஞ்சினுக்குக் காத்திருப்பது தூத்துக்குடிக்காரரின் முறையாக இருந்தது.