உடற்கூறியல்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

கேள்வி: என் மகள் கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், இப்போது எம்.பி.பி.எஸ். முதலாண்டில் இருக்கிறாள். உடற்கூறியலில் வரும் லத்தீன் பெயர்களைக் கண்டு மிரள்கிறாள். டிசெக்ஷன் ஹாலிலிருந்து வந்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. கணினித் திரையிலேயே உடலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் வசதி வந்த பிறகும் பிணத்தை அறுத்துத்தான் படிக்க வேண்டுமா?
(ஒரு தாய், பாலக்காடு மாவட்டம்)

பதில்: முதலில் பெயர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன் அம்மா, ஏனெனில் அந்தப் பூட்டுக்கான சாவி தமிழ் வழியில் படித்த உங்கள் மகளிடமே இருக்கிறது. கழுத்தில் காறை அணியும் இடத்தில் கிடப்பதால் நம் முன்னோர் ஓர் எலும்பைக் காறை எலும்பு என்றார்கள். அதே எலும்பில் லத்தீனில் பெயர் வைத்தவர்கள் ஒரு சிறிய சாவியைக் கண்டு, அப்பொருள் தரும் சொல்லால் அழைத்தார்கள், அதுவே கிளாவிகிள். முழங்காலில் நாம் சில்லைக் கண்டோம், அவர்கள் சிறு தட்டைக் கண்டு பட்டெல்லா என்றார்கள். நமக்குக் காலின் பின்புறச் சதை கெண்டை மீனாகத் தெரிந்தது. தோலுக்கடியில் அசையும் தசை அவர்களுக்குச் சுண்டெலியாகத் தெரிந்ததால்தான் மஸில் என்ற சொல்லே பிறந்தது. டிபியா என்றால் குழல், காக்ஸிக்ஸ் என்றால் குயில். சார்டோரியஸ் என்பது தையற்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சம்மணமிட்டு அமர்ந்து தைத்தவர்களின் நினைவாகத் தொடையைக் குறுக்காகக் கடக்கும் தசைக்கு அந்தப் பெயர். எந்தப் பெயரையும் மனப்பாடம் செய்வதற்கு முன் அதன் பொருளைத் தேடி, பக்கத்தில் ஒரு சிறு படம் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பொதுவான லத்தீன் பெயர்கள் ஏன் வேண்டும் என்பதும் எல்லைப்புறத்து மாணவிக்கு எளிதில் விளங்கும். நாம் நாடி என்றால் மணிக்கட்டில் துடிப்பதைச் சொல்கிறோம். அவளுடன் படிக்கும் மலையாளப் பிள்ளைகளின் பள்ளிப் பாடநூலில் நாடி என்பது நரம்பு. ஊர்ப் பேச்சிலோ புறங்கையில் புடைத்துத் தெரியும் சிரையைக்கூட நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். அறுவை மேசையில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருக்கக்கூடாது.

அடுத்து, திரையா உடலா என்பது. கிரேக்க மருத்துவர் கேலன் பெரும்பாலும் குரங்கு, பன்றி முதலிய விலங்குகளை அறுத்துப் பார்த்து எழுதியவர். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று அவர் எழுதியது, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பாவில் மறுக்கப்படாமலே இருந்தது. உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் தம் கையாலேயே மனித உடல்களை அறுத்துப் பார்த்து, அது ஒரே எலும்புதான் என்பதை 1543இல் வெளியிட்ட நூலில் காட்டினார். திரையில் தெரியும் உடலும் யாரோ ஒருவர் எழுதிவைத்த நூல்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் பதிந்ததற்கு மேல் ஒன்றும் அதில் இல்லை.

உங்கள் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்கினால், பலருக்கு நடுவில் ஒரு தசைநாண் கயிறு போல எழும்பும். அது பல்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையுடையது. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். பித்தப்பைக்குச் செல்லும் தமனி பிரியும் இடமும் இதுபோலவே ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. அதை அறியாமல் பித்தப்பையை நீக்கப் புகுந்தவர், கட்ட வேண்டிய குழாயை விட்டு வேறொன்றைக் கட்டிவிடக்கூடும். எட்டு மேசைகளில் எட்டு உடல்களைச் சுற்றிப் பார்த்த மாணவர்தான் 'புத்தகத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்பதில்லை' என்பதைக் கையால் உணர்கிறார். நரம்பு உருண்டு திரண்ட நூல் போல விரலில் தட்டும், சிரை அமுங்கும், தமனியின் சுவர் சற்றே தடித்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணாடித் திரை விரலுக்குச் சொல்லாது. குறுக்குவெட்டில் உடல் எப்படித் தெரியும் என்பதைப் புரிந்துகொள்ளத் திரை மிக நல்லது, சி.டி. ஸ்கேன் படிக்கப் பழகுவதற்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

சோறு இறங்காததை எண்ணி அவள் வெட்கப்பட வேண்டாம். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் மேசையில் கிடந்த மூதாட்டியின் நகங்களில் மருதாணிச் சிவப்பு எஞ்சியிருந்தது. அதைப் பார்த்த அன்று என்னாலும் சாப்பிட முடியவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் அந்த உடலை மரியாதையுடன் கையாள்வதையே ஒரு தேர்ச்சியாகக் கேட்கிறது. ஆனால் உடலைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடியைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பாடத்திட்டமும் கேட்கவில்லை. அதிலிருந்து எழும் ஃபார்மால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்டது. அறையில் காற்றோட்டம் போதவில்லை என்றால் மாணவர்கள் சேர்ந்து துறைத்தலைவரிடம் தயங்காமல் எழுதிக் கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் அப்பா தம் உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர விரும்புகிறார். வீடு கேரள எல்லையில் உள்ள வேலந்தாவளத்தில், ஒரு கல் தூரத்தில் தமிழ்நாடு. எந்தப் பக்கம் கொடுப்பது? கண்களையும் தரலாமா?
(ஒரு வாசகர்)

பதில்: தமிழ்நாட்டுக்கு 1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டமும் கேரளத்துக்கு 1957ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டமும் தனித்தனியே இருக்கின்றன. ஆகவே உங்கள் மாவட்டத்துக் கல்லூரியின் உடற்கூறியல் துறையிலேயே பதிவு செய்வது சிக்கலற்றது. கண்களைத் தாராளமாகத் தரலாம். ஆறு மணி நேரத்துக்குள் விழிவெண்படலத்தை (கார்னியாவை) எடுத்துவிட வேண்டும், அதனால் உடல் தானம் தடைபடுவதில்லை. பிரேதப் பரிசோதனை நடந்த உடலையும், சில தொற்றுநோய்கள் உள்ளவர்களின் உடலையும் கல்லூரிகள் பொதுவாக ஏற்பதில்லை. அப்பா கையெழுத்திட்டிருந்தாலும், அந்த நேரத்தில் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் நீங்கள்தான். உடன்பிறந்தோரில் ஒருவர் மறுத்தாலும் கல்லூரி பின்வாங்கிவிடும் என்பதால், அவர் நலமாக இருக்கும் இப்போதே எல்லோரையும் அவர் முன்னிலையில் உட்காரவைத்துப் பேசுங்கள். படிவத்தின் நகலையும் துறையின் தொலைபேசி எண்ணையும், நள்ளிரவில் தேடினாலும் கைக்குக் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.